மடங்காத சுண்டுவிரல்

ஊஞ்சல், எலுமிச்சம்பழம், சாவி, மழை, பாய்.

இந்த ஐந்து சொற்களும் பதினோரு வருடமாக என் தலைக்குள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. ஒரு டாக்டரம்மா, என்னோடு வேலை பார்த்த கட்டிங் மாஸ்டரிடம், "இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறமா கேப்பேன்" என்று சொன்ன சொற்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் கண் சொருகும்போதும், கம்பெனியில் பஞ்சுத் தூசி வெயிலில் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும் அவை தாமாக வரும். முதலில் ஊஞ்சல் ஆடும். எலுமிச்சம்பழம் உருளும். எங்கோ ஒரு சாவி விழும் சத்தம் கேட்கும். பிறகு மழை. கடைசியில் யாரோ பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி வைப்பார்கள். அத்தோடு முழிப்பு வந்துவிடும்.

பாப்பா, போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் வரும்போது நீ என்னோடு பேசவே இல்லை. என் முதுகில் வழக்கமாகச் சாய்வாயே, அன்றைக்குச் சாயவும் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உங்களுக்குத் தெரியும்லப்பா? தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டாய். தம்பியும் உன்னோடு சேர்ந்துகொண்டு என்னை முறைத்தான். எனக்குப் பதில் இருந்தது, ஆனால் வாயில் வரவில்லை. நான் பத்தாவதோடு பனியன் கம்பெனிக்கு வந்தவன். எழுதினால் ஒருவேளை வரும் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். உங்கள் இரண்டு பேருக்காகவும், உங்களை மாதிரி ஓடியாடி விழுந்து எழும் மற்றப் பிள்ளைகளுக்காகவும்.

மாஸ்டரை உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்குக் கரும்பு கொண்டு வருவாரே, சாமளாபுரத்து மாமா, அவர்தான். அப்போது நாங்கள் ஒரே டேபிள். டேபிள் என்றால் நம் தெரு அகலத்தை விட நீளம். அவர் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் நின்று துணியை அடுக்கடுக்காக விரிப்போம். விரித்து முடித்ததும் அவர் கட்டிங் மெஷினைப் பிடிப்பார். நூறு மடிப்புத் துணிக்குள் அந்தக் கத்தி தண்ணீரில் படகு போகிற மாதிரி போகும். புதுத் துணி வந்தால் முதலில் ஒரு முனையை எடுத்து மோந்து பார்ப்பார். "சாயம் நல்லா அலசலைங்க தம்பி, இது வெளுக்கும்" என்பார். அப்படியே நடக்கும்.

என் தூத்துக்குடிப் பேச்சைக் கேட்டால் அவருக்கு ஒரே சிரிப்பு. "உங்கூர்ல ஆளையே 'ஏலே'ங்கறீங்க. நாங்க மாட்டைக்கூட 'வாங்க, போங்க'ன்னுதான் ஓட்டுவோம் தெரியுமுங்களா?"

"அதான் உங்க மாடு ஒண்ணுகூட ஓட மாட்டேங்குது, மாஸ்டர்" என்பேன் நான்.

எங்கள் கம்பெனிகளில் ஆடிட் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்களின் ஆட்கள் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பார்கள், தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். தீப்பிடித்தால் எந்த வாசல்? முதலுதவிப் பெட்டி எங்கே? தினமும் எத்தனை மணி நேரம் வேலை? இரண்டு நாளைக்கு முன்பே ஆபீஸில் கேள்வியும் பதிலுமாக ஒரு தாள் கொடுத்துவிடுவார்கள். அதை மனப்பாடம் பண்ண வேண்டும். உண்மையா பொய்யா என்று யாரும் பார்ப்பதில்லை. தாளில் உள்ளது வாயில் வந்தால் பாஸ். எனக்குக் கொஞ்சம் வாசிப்பு உண்டு என்பதால் எங்கள் டேபிளுக்கு நான்தான் வாத்தியார். என்னிடம் படித்ததிலேயே மட்டமான மாணவர் மாஸ்டர்தான்.

"தீப்பிடிச்சா எந்த வழியாப் போவீங்க?"

"எது கிட்டக்க இருக்குதோ அது வழியா."

"ரெண்டாம் நம்பர் வாசல்னு சொல்லணும் மாஸ்டர்."

"தீ ரெண்டாம் நம்பர்லயே புடிச்சுதுன்னா என்ன பண்றதுங்க?"

விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக் கொடுப்பேன். கட்டைவிரலுக்கு ஒரு பதில், ஆள்காட்டி விரலுக்கு ஒரு பதில். அப்படிச் சொன்னால்தான் அவருக்கு நிற்கும்.

அந்த ஆடி மாதத் திங்கட்கிழமையும் ஆடிட்தான். தரையில் மஞ்சள் கோடு போட்ட நடைபாதையில் எதுவும் கிடக்கக் கூடாது என்றார்கள். கீழே கிடந்த துணி ரோல்களை எல்லாம் தூக்கி ராக்கின் உச்சியில் அடுக்கினோம். கடைசி ரோலை ஏற்றியது நான். அது சரியாக உட்காரவில்லை என்று கைக்குத் தெரிந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பத்தரை மணி இருக்கும். மாஸ்டர் சாக்பீஸ் எடுக்கக் குனிந்து நிமிர்ந்தார். அந்த ரோல் உருண்டு வந்து அவருடைய இடது காதுக்கு மேலே இடித்து, அவர் தலை டேபிளின் இரும்பு விளிம்பில் மோதியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. தலையணை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். நாங்கள் தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டார். ரத்தம் இல்லை, நெல்லிக்காய் அளவு வீக்கம் மட்டும். "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று சிரித்தார். எங்களுக்கும் உயிர் வந்தது. டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "டீ வந்துருச்சுங்களா தம்பி?" என்று கேட்டார். கையில் இருக்கிறதே என்றேன். குனிந்து பார்த்து, "அட, ஆமாங்க" என்றார். ஒரு வாய் குடித்தார். பிறகு தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு, "டீ வந்துருச்சுங்களா?" என்றார். மூன்றாவது முறை கேட்டுவிட்டு டேபிள் ஓரமாகவே வாந்தி எடுத்தார். அப்போதுதான் ஆட்டோவைக் கூப்பிட்டோம். அவருடன் நான் போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டியூட்டி டாக்டர் சின்னப் பெண். என்னை விட வயது குறைவு. கான்வாஸ் ஷூ போட்டிருந்தார், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு பேனா அளவு டார்ச் ஒன்றையும் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். நான் வீக்கத்தைக் காட்டினேன். அதை லேசாகத் தொட்டுப் பார்த்ததோடு சரி. எத்தனை நிமிஷம் மயக்கம், விழுவதற்கு முன்னால் நடந்தது அவருக்கு நினைவிருக்கிறதா, வலிப்பு வந்ததா, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எத்தனை தரம் வாந்தி என்று வரிசையாகக் கேட்டார். டார்ச்சை இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி அடித்து, நடுவில் உள்ள கறுப்பு வட்டம் சுருங்குகிறதா என்று பார்த்தார். கையை அழுத்தச் சொன்னார். காலைத் தூக்கச் சொன்னார். பிறகு பேச்சுக் கொடுத்தார். பெயரும் ஊரும் சரியாகச் சொன்னார் மாஸ்டர்.

"இப்ப என்ன மாசம்ணா?"

"டிசம்பருங்க."

நான் அவசரமாகக் குறுக்கே விழுந்தேன். "எங்க டேபிள்ல கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடுது மேடம். அந்த நெனப்புல சொல்லுதாரு."

அது பொய்யில்லை. ஆடி மாதத்தில் டிசம்பர் துணி வெட்டுகிறவர்கள்தான் நாங்கள். ஆனால் மாஸ்டர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. அவர் கண்ணில் உண்மையாகவே டிசம்பர் இருந்தது. பனிக்குள் நிற்கிற மாதிரி இருந்தார். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளில் எழுதினார். பிறகுதான் அந்த ஐந்து சொற்களைச் சொன்னார். உடனே திருப்பிக் கேட்டபோது மாஸ்டர் மூன்று சொன்னார். கொஞ்சம் கழித்துக் கேட்டபோது ஊஞ்சல் மட்டும்தான் இருந்தது.

"பதினஞ்சுக்குப் பதினாலு" என்றார் டாக்டரம்மா. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து அப்படி ஒரு கணக்காம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் பதினைந்துக்குப் பதினான்கு வாங்கினால் ஹெட்மாஸ்டரே கூப்பிட்டுத் தட்டிக்கொடுப்பார். "நல்ல மார்க்குதான மேடம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்த ஒண்ணு எங்க போச்சுன்னுதான் பாக்கணும். இன்னும் ரெண்டு மணி நேரம் பாப்போம். பதினஞ்சு வரலைன்னா ஸ்கேன். அதுக்குள்ள இன்னொரு தரம் வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ உடனே என்னைக் கூப்பிடணும்."

ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் மாஸ்டரைப் படுக்க வைத்தார்கள். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றியது. வெளியே வேப்பமரம், அதன் நிழல் அவர் சட்டை மேல் அசைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்து பார்த்த மாதிரிதான் இருக்கிறது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே என் கையைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, தலையில கோளாறுன்னு எழுதிப்போட்டாங்கன்னா மெஷினைக் கையில குடுப்பாங்களா? எப்படியாச்சும் என்னைப் பாஸ் பண்ணி உடுங்க தம்பி."

அவருக்கு அந்த மெஷின்தான் எல்லாம். எனக்கோ, அந்த ரோலை ஏற்றியவன் நான் என்கிற உறுத்தல். அவர் நல்லபடியாக எழுந்து நடந்துவிட்டால் என் தப்பும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். கேள்வி கேட்கிறவர் ஒருவர், பதில் தாளில் இருக்கிறது, நான் வாத்தியார். எனக்குத் தெரிந்த வேலை. ஆரம்பித்துவிட்டேன்.

"ஆடி மாசம், திங்கக்கிழமை. சொல்லுங்க மாஸ்டர். கட்டைவிரல், ஊஞ்சல். அடுத்த விரல், எலுமிச்சம்பழம். நடு விரல், சாவி. மோதிர விரல், மழை. சுண்டுவிரல், பாய்."

ஊஞ்சல், எலுமிச்சம்பழம், சாவி, மழை, பாய். எத்தனை தரம் சொன்னோம் என்று தெரியாது. நடுவில் அவர் தூங்கிப் போவார், நான் தோளைத் தட்டி எழுப்புவேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தரம் கக்கூசுக்குப் போக வேண்டும் என்றார். அங்கே மறுபடியும் வாந்தி எடுத்தார். நான் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, வாளித் தண்ணீரை ஊற்றிச் சுத்தமாகக் கழுவினேன். ஆடிட்டுக்குத் தரை கழுவுகிற அதே கை, அதே வேகம். யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா, அதாவது மாஸ்டர் வீட்டம்மா, ஓடி வந்தார். "என்னுங்க பண்ணுது? என்ற மூஞ்சியப் பாருங்க" என்று அவர் கன்னத்தைத் தொட்டார்.

மாஸ்டர் கண்ணைத் திறக்காமல், "எலுமிச்சம்பழம்" என்றார்.

அக்கா திகைத்து என்னைப் பார்த்தார். "பாடம் படிக்காரு அக்கா" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டாக்டரம்மா வந்தார். மாதம்? ஆடி. கிழமை? திங்கள். இடம்? ஆஸ்பத்திரி. எல்லாம் சரி. பதினைந்துக்குப் பதினைந்து. மாஸ்டர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். டாக்டரம்மா தாளை மூடப் போனார். மூடவில்லை. மாஸ்டரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப வேற அஞ்சு வார்த்தை சொல்றேன்ணா" என்றார். விசிறி, தேங்காய் என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். அவை எனக்கு நினைவில்லை. நடுவில் வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். பிறகு, "அந்த வார்த்தைங்க என்னண்ணா?" என்றார்.

மாஸ்டர் கையை நீட்டினார். கட்டைவிரலை மடக்கினார். "ஊஞ்சல்." அடுத்த விரல். "எலுமிச்சம்பழம். சாவி. மழை. பாய்." கை முழுவதும் மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இல்லண்ணா, இப்பச் சொன்னது."

மறுபடியும் கட்டைவிரல். மறுபடியும் ஊஞ்சல்.

அவர் மாஸ்டரின் கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். எனக்கே தெரியாமல் என் விரல்களும் கூடவே மடங்கியிருந்தன.

"நீங்களாண்ணா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனப்பாடம் பண்ண வைத்தது, தூங்கித் தூங்கி விழுந்தது, கழுவிவிட்ட வாந்தி. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டார். தள்ளிக்கொண்டு போகும்போது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இது பரீட்சை இல்லண்ணா. அவரு தப்பாச் சொன்னாத்தான் எனக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். அந்தத் தப்பு எனக்கு வேணும்."

துணி செக்கிங் பார்த்திருக்கிறீர்கள்தானே? கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும், மேலே துணி ஓடும். ஓட்டை இருந்தால் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். தலையை அப்படி விரித்துப் பார்க்க முடியாது. வெளியில் இருக்கிற வீக்கம் உள்ளே நடப்பதைச் சொல்லாது. அதனால்தான் கேள்வி. ஒரு தரம் கேட்டால் போதாது, திரும்பத் திரும்பக் கேட்டு, முன்னைக்கு இப்போது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கேள்விகள்தான் அடியில் எரியும் விளக்கு. நான் ஓட்டையின் மேல் ஒரு துண்டுத் துணியை ஒட்டிவிட்டு, சரக்கு சுத்தம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஸ்கேனில், மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் மெதுவாகச் சேர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஆம்புலன்ஸில் கோயமுத்தூர் கொண்டுபோனார்கள். அங்கே தலையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். "இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் உட்டிருந்தா கஷ்டம்னாங்க தம்பி. நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் பிழைத்தார். ஆனால் வாசனை போய்விட்டது. துணியை எடுத்து மூக்கருகே வைப்பார், ஒன்றும் தெரியாமல் திரும்ப வைப்பார். ஒரு வருடத்துக்கு மெஷின் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு மெஷினைப் பிடித்தார், இன்றைக்கும் சோமனூர்ப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் பிடிக்கிறார். அந்தத் திங்கட்கிழமை அவர் நினைவில் இல்லை. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததோடு சரி, அதற்கப்புறம் மூன்று நாள் வெட்டியெடுத்த மாதிரி காணோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "என்னமோ தம்பி, ஊஞ்சல், எலுமிச்சம்பழம்னு அஞ்சு வார்த்தை தலைக்குள்ள சுத்திக்கிட்டே கெடக்குதுங்க. எங்க கேட்டன்னே தெரியல. கனவாட்ட இருக்குது."

அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். ரோல், பாடம், வாந்தி, எல்லாம். அவர் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்: "ஆடிட்டுக்கு எத்தனையோ சொல்லிக்குடுத்தீங்க. ஒண்ணாச்சும் நின்னுச்சா? பொழைக்கறதுக்கு ஆகாததைச் சொல்லிக்குடுத்தீங்க, அது மட்டும் நல்லா நிக்குது பாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், பாப்பா. கோகோ ஆடும்போது நீயும் இன்னொரு பிள்ளையும் தலையோடு தலை மோதிக்கொண்டீர்கள். உனக்கு மயக்கம் கூட வரவில்லை. தலைவலி, வெளிச்சம் கூசுகிறது, அவ்வளவுதான். சனிக்கிழமை மேட்ச். "ஓகேன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, சேத்துக்கிறேன்" என்று உன் பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். நாம் போய்க் காட்டிய டாக்டர் உன் கண்ணில் டார்ச் அடித்தார். ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். தரையில் இருந்த கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். முன்னாலேயே ஐந்து சொற்களும் சொல்லியிருந்தார். நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்த அஞ்சும் சொல்லும்மா" என்றார்.

நீ கையை நீட்டினாய். விரல் மடக்கிச் சொல்லும் பழக்கம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்க வேண்டும். "கிணறு. பட்டம். சீப்பு. வெல்லம்." நான்கு விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் மட்டும் நின்றது. நீ மேலே பார்த்தாய், ஜன்னலைப் பார்த்தாய். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது கைக்காகத் திரும்பிப் பார்ப்பாயே, அதே மாதிரி.

எனக்குத் தெரியும் கண்ணு. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் உப்புக் கரித்துக்கொண்டு நின்றது. உதட்டை அசைத்திருந்தால் போதும், நீ பிடித்திருப்பாய். சனிக்கிழமை ஆடியிருப்பாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்திருப்பாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அந்த விரல் மடங்காமலே நின்றது. டாக்டர் அதைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அவருக்கு வேண்டியது அதுதான்.

இரண்டு வாரம் ஓட்டம் கூடாது, தலைவலி நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம் என்றார். மேட்ச் போனது. நீ அழுதாய். நேற்றைக்குப் போய்க் காட்டினோம், இந்த முறை வேறு ஐந்து சொற்கள், ஐந்து விரலும் மடங்கின. திங்கட்கிழமை நீ மைதானத்துக்குப் போகலாம்.

அதனால் இப்போது சொல்லலாம். அன்றைக்கு உன் சுண்டுவிரலில் இருந்த சொல், கடல். தூத்துக்குடிக்காரன் பிள்ளைக்கு அது மறந்ததே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் உண்டு. நானும் உங்களை ஒரே ஒரு தரம்தான் அங்கே கூட்டிப் போயிருக்கிறேன்.

இன்று மதியம் கம்பெனி ஜன்னல் ஓரம் நின்றபோது பஞ்சுத் தூசி வெயிலில் மிதந்தது. வழக்கம் போல எல்லாம் வந்தன. ஊஞ்சல் ஆடியது, எலுமிச்சம்பழம் உருண்டது, சாவி விழுந்தது, மழை பெய்தது. யாரோ பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார்கள். முழிப்பு வரவில்லை. பாய்க்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. அங்கே கடல் இருந்தது.